கயிற்றின் மறுமுனை

ஆரல்வாய்மொழியைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே ஒரு தரிசு நிலம். ஆடிக்காற்று கணவாய் வழியே வந்து ஆளைத் தள்ளுகிறது. காலை ஆறு மணி. எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய் ஒன்று மெல்லிய கயிற்றில் நடந்து வந்துகொண்டிருந்தது. நல்ல செவலை நிறம். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பியது. உடனே நாயின் காது விறைத்தது, கழுத்து நீண்டது, பையை நோக்கிச் சாடியது. கயிற்றைப் பிடித்திருந்தவர் அதட்டவில்லை, சுண்டி இழுக்கவில்லை. கூடவே இரண்டு எட்டு வைத்து, அப்படியே நின்றுவிட்டார். பை ஓர் உடைமரத்தில் போய்ச் சிக்கியது. நாய் அதையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்த நொடியில் அவித்த ஈரல் துண்டு ஒன்று அதன் வாய்க்குள் போனது.

“பாத்தியளா தம்பி? பையைப் பாத்ததுக்கு அடி கிடையாது. என்னையப் பாத்ததுக்குக் கூலி உண்டு. அவ்வளவுதான் இந்தத் தொழில்” என்றார்.

தென்னந்தோப்பு வேலை போக மீதி நேரமெல்லாம் இந்த அண்ணாச்சிக்கு நாய்களோடுதான். நாகர்கோவிலிலும் சுற்று ஊர்களிலும் நாய் வளர்ப்பவர்கள், நாய்க் கண்காட்சிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது குட்டியைக் கொண்டுவந்து இவரிடம் விடுகிறார்கள். அதைப் போட்டிக் களமான ரிங்கில் நடக்கவும் நிற்கவும் பழக்கி, கண்காட்சி நாளில் கயிறு பிடித்து உள்ளே போகும் ஹேண்ட்லர் இவர். மூன்று நாள் காலையில் அவரோடு இருந்து பார்த்தேன்.

ரிங்கில் நடப்பது வித்தை காட்டும் போட்டி இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் உடலமைப்பு இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த இலக்கணம் ஒன்று உண்டு. ஜட்ஜ் அந்த இலக்கணத்தை மனதில் வைத்து நாயைப் பார்க்கிறார். வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார். தோள், முதுகு, தொடை என்று தடவிப் பார்ப்பார். பிறகு ஓட்டிக் காட்டச் சொல்வார். பெரும்பாலும் முக்கோணமாக ஓட வேண்டும். விலகிப் போகும்போது பின்னங்கால் தெரியும், குறுக்கே போகும்போது பக்கவாட்டு வீச்சு தெரியும், திரும்பி வரும்போது முன்னங்கால் தெரியும். இத்தனைக்கும் ஒரு நாய்க்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

அந்தச் சில நிமிடத்தில் குட்டி தலையைத் தரையில் போட்டு மோப்பம் பிடித்தால் முதுகு வளைந்து தெரியும். தோள் கூனித் தெரியும். பாய்ச்சலில் போனால் கால் எப்படி விழுகிறது என்றே தெரியாது. இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து விழுகிற சீரான ஓட்டத்தில்தான், அதாவது ட்ராட்டில்தான், எலும்பின் நேர்த்தி கண்ணுக்குப் புலப்படும். நல்ல நாய் தோற்றுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். உடம்பில் குறை இருக்காது. உடம்பைக் காட்டவிடாத பழக்கம் ஒன்று இருக்கும்.

பழக்கங்களை அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். முதலாவது, மோப்பம். ரிங்கின் தரையில் முன்னால் போன நாய்களின் வாசம் இருக்கும். ஹேண்ட்லர்கள் சிந்திய இறைச்சித் துணுக்கு இருக்கும். மூக்காலேயே உலகத்தை அறிகிற உயிரிடம் மோந்து பார்க்காதே என்று சொல்ல முடியாது. சில குட்டிகள் பயத்திலும் தரையை மோக்கும். ஆகவே பயிற்சிக்கு முன்னால் ஐந்து நிமிடம் கயிற்றை நீளமாக விட்டு, நன்றாக மோந்துகொள்ள விடுகிறார். பிறகு கயிற்றைத் தொண்டைக்கு அடியிலிருந்து மேலேற்றி, காதுக்குப் பின்னால், தாடையை ஒட்டினாற்போல் வைக்கிறார். இரண்டு விரல் அகலம்தான் வித்தியாசம். கயிறு கீழே இருந்தால் மோப்பம் பிடிக்கலாம், மேலே வந்தால் வேலை என்று நாலைந்து நாளில் குட்டிக்குப் புரிந்துவிடுகிறது. “ஈரலைத் தரையில மட்டும் போடப்பிடாது. ஒரு தடவை போட்டா, பொறவு அது தரையிலதான் தேடும்” என்றார்.

இரண்டாவது, வாயைத் தொடவிடாமை. நாலு மாதத்தில் தொடங்கி ஆறு ஏழு மாதத்துக்குள் 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கின்றன. ஈறு வலிக்கிற அந்த நாளில் யாராவது முரட்டுத்தனமாக வாயைத் திறந்து பார்த்துவிட்டால், குட்டி அதை மறக்காது. நான் பார்த்த செவலையும் அப்படிப் பயந்துபோய் வந்ததுதான். அண்ணாச்சியின் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், பயிற்சியில் அவள்தான் ஜட்ஜ். “மெதுவா வா மக்களே, பக்கவாட்டுல வா” என்று அவர் சொல்ல, அவள் நேருக்கு நேர் குனியாமல், புறங்கையை மோக்கக் கொடுத்து, உதட்டை மட்டும் ஒரு நொடி தூக்கிவிட்டுக் கையை எடுத்தாள். உடனே ஈரல். முதல் நாள் தலையைத் திருப்பிக்கொண்ட குட்டி, மூன்றாம் நாள் அசையாமல் நின்றது.

மூன்றாவது, ஜட்ஜ் பக்கத்தில் வந்ததும் உட்கார்ந்துவிடுவது. வீட்டில் எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுப்பது ‘சிட்’. தீனியைக் கண்டால் உட்கார வேண்டும் என்று ஊறிப்போன குட்டிக்கு, நிற்பதும் கூலி கிடைக்கிற வேலைதான் என்று முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கயிற்றைக் கடிப்பதும் ஆள்மேல் சாடுவதும் விளையாட்டுப் பிள்ளையின் குணம். நாம் எதுவும் பேசாமல் அசையாது நின்றால் தானாக அடங்கும். இழுத்தால், நாமும் விளையாடுகிறோம் என்றே அது நினைக்கும்.

இரண்டாம் நாள் கயிற்றை என் கையில் கொடுத்தார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்தது. நாய் திடுக்கிட்டு என்னை ஒட்டி வந்தது. “உங்க கையைப் பாருங்க” என்றார். என் விரல்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. ஹாரனைக் கேட்டு முதலில் இறுகியது என் கை. அதற்குப் பிறகுதான் நாய் பயந்தது. “கயிறு ஒரு ஒயர் மாதிரி தம்பி. நம்ம மனசுல ஓடுறது அப்படியே அங்க போயிரும்.” நான் அங்கே கற்றுக்கொண்டதில் ஆகப் பெரியது இதுதான். குட்டியின் கெட்ட பழக்கம் என்று நாம் சொல்வதில் பாதி, கயிற்றின் மறுமுனையில் இருக்கும் கையின் பழக்கம்.

கையும் குட்டியும் சந்தடிக்குப் பழக வேண்டும் என்பதால், அவர் அமைதியான இடத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. முதல் வாரம் வீட்டுத் தோப்பு. அடுத்த வாரம் இந்தக் காற்று வெளி. பிறகு தோவாளைப் பூச்சந்தைக்கு வெளியே, பூக்கூடைகள் இறங்குகிற நேரத்தில். கடைசியாக வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். எங்கே போனாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. குட்டி தவறு செய்வதற்கு முன்னால், நன்றாகச் செய்த ஒன்றோடு முடித்துவிடுவார். ஓரிடத்தில் தடுமாறினால் திட்டாமல், சந்தடியிலிருந்து இருபது அடி தள்ளிப்போய் மறுபடி தொடங்குவார்.

நம் நாட்டு இனங்களுக்கு இந்தப் பொறுமை கூடுதலாகவே வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் தெற்குச் சீமையில் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. கண்ணால் கண்டதைக் காலால் பிடிக்கும் வம்சம். தூரத்தில் அசையும் பையைப் பார்த்துப் பாய்வது அவற்றின் குற்றம் இல்லை, பிறப்பு. இந்த நாட்டு இனங்களுக்குப் பெயரும் கிடைத்தது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். பெருமை சேர்ந்தது நல்லது. ஆனால் பெருமைக்காக வாங்கியவர்கள், ரிங்கில் குட்டி அசைந்துவிட்டதே என்று கண்காட்சிப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய் அடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எதற்காக அடி என்று அந்தக் குட்டிக்குத் தெரியாது. ரிங் என்றால் வலி என்பது மட்டும் அதற்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த ஹேண்ட்லராலும் அதன் வாலை நிமிர்த்த முடியாது.

மூன்றாம் நாள் முடிவில் செவலை முக்கோணத்தை முழுதாக ஓடியது. வழியில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. நாயின் கண் அதோடு போனது. கால் மட்டும் தாளம் தப்பவில்லை. வந்து நின்று அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தது. அவர் குனிந்து அதன் காதோரம் தடவிக்கொடுத்து, கயிற்றைக் கழற்றினார்.

இளம் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்குமுன் தினம் ஐந்து நிமிடம் அதோடு நடந்து பாருங்கள். அது எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அது உங்களைப் பார்க்கும்போது கூலி கொடுங்கள். அடிக்க மட்டும் கை ஓங்காதீர்கள். அதே கையைத்தான் அது ரிங்கில் நம்பி வர வேண்டும்.