புத்தாண்டுத் திட்டமும் ஓர் அரைப் பாரமும்

வருகிற ஜனவரி முதல் எங்கள் மாத இதழின் பொறுப்பை இளைஞர் ஒருவர் ஏற்கிறார் என்பதும், கண்பார்வையும் கால்வலுவும் ஒருங்கே குறைந்துவிட்ட நான் ஆசிரியர் என்ற பதவியிலிருந்து வாசகர் என்ற பதவிக்கு உயர்கிறேன் என்பதும் சந்தாதாரர்களுக்கு முன்னமே தெரிந்த செய்திகள். அதை முன்னிட்டு நண்பர்கள் கூட்டிய பாராட்டுக் கூட்டத்தில் பேசிய பெரியவர் ஒருவர், சிற்றிதழ் என்பது ஆர்வத்தின் வேகத்தில் நடப்பது, அதற்குத் திட்டம் ஏது, கணக்கு ஏது என்று என்னைப் புகழ்வதாக எண்ணிச் சொல்ல, சபையும் கைதட்டியது. அதே வாரத்தில், பொறுப்பேற்கும் இளைஞர், மாதத்துக்கு ஒரு தலைப்பாகப் பன்னிரண்டு தலைப்புகளைக் கட்டம் கட்டி, ஆண்டிறுதிக்குள் சந்தா இரண்டு மடங்காக வேண்டும் என்ற குறிப்போடு எனக்கு அனுப்பிவைத்தார். கணினியிடம் கேட்டதாகவும், மூன்று நிமிஷத்தில் கிடைத்துவிட்டதாகவும் பெருமிதத்தோடு சொன்னார். திட்டமே கிடையாது என்பவருக்கும், திட்டம் மூன்று நிமிஷ வேலை என்பவருக்கும் நடுவில் என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்திருப்பதால், ஓராண்டின் போக்கை நிர்ணயிப்பது என்ற இந்தத் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத உத்தேசிக்கிறேன்.

எங்கள் ஆண்டு ஜனவரியில் பிறப்பதன்று. பெரிய பத்திரிகைகள் தீபாவளி மலரை முடித்து ஓய்ந்து, அச்சகங்களில் காலண்டர் வேலையும் தை மாதத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் வந்து குவிவதற்கு முன், கார்த்திகையில் ஒரு பத்து நாள் மெஷின் சத்தம் தணிந்திருக்குமே, அந்த இடைவெளியில்தான் அடுத்த ஆண்டு பிறக்கிறது. அப்போது அவ்வாண்டின் இதழ்களை ஒரு பாயில் வரிசையாகப் பரப்பி, எந்தக் கட்டுரை நாம் தேடிப் போய் வாங்கியது, எது தானாக வந்து விழுந்தது, எது பக்கம் நிரப்புவதற்காகத் தாட்சண்யத்தின் பேரில் போடப்பட்டது என்று மூன்று வண்ணப் பென்சில்களால் குறிக்க வேண்டும். தாட்சண்யத்தின் வண்ணம் எந்த மாதத்திலிருந்து மிகுதியாகிறதோ, அந்த மாதத்தில் திட்டம் உயிரை விட்டிருக்கிறது என்று அறியலாம். புகழ்ந்து வந்த கடிதங்களை அந்தச் சமயத்தில் பிரிக்கக்கூடாது. சண்டைக்கு வந்த கடிதங்களை மட்டும் மறுபடி படிக்க வேண்டும்.

இவையெல்லாம் எவரும் பழகிக்கொள்ளக்கூடிய காரியங்கள். பழக்கத்துக்கு எளிதில் வசப்படாத சிரமம் ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்பித்தவர் இலக்கியவாதி அல்லர். கும்பகோணத்தில் எங்கள் இதழ் பல்லாண்டுகள் அச்சான அச்சகத்தின் உரிமையாளர். கம்பாசிடராகத் தொழிலில் நுழைந்து, காரீய எழுத்தின் தூசியையே ஆயுள் முழுவதும் சுவாசித்து, பிறகு அந்த அச்சகத்தையே விலைக்கு வாங்கியவர். எந்தக் கதையையும் அவர் வாசித்து அபிப்பிராயம் சொன்னதில்லை. ஆனால் எந்தக் கதை வாசகரிடம் நிற்காது என்பது, அதை எழுத்தெழுத்தாகத் தலைகீழாகக் கோக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

முதலாண்டுத் தொடக்கத்தில் என் லட்சியங்களை, தமிழ் விமர்சனத்தைத் தூக்கி நிறுத்துவது, உலக இலக்கியத்தைக் கொண்டுவருவது, புதிய தலைமுறையை உருவாக்குவது என்று நான் அடுக்கிக்கொண்டே போனபோது, அவர் வெற்றிலையை மென்றபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, எத்தனை பாரம்?” என்று மட்டும் கேட்டார்.

டெம்மி எட்டில், பாரத்துக்குப் பதினாறு பக்கமாக இரண்டரைப் பாரம், 40 பக்கம், 500 பிரதி. மாதத்துக்கு இரண்டரை ரீம். ஆண்டுக்கு 30 ரீம், சேதாரம் தனி. இந்தக் கணக்கை அவர் என் கையாலேயே எழுதவைத்து, அட்டை, தபால், பைண்டிங் கூலி எல்லாம் போக, ஆண்டு முழுவதற்கும் நம்மிடம் இருப்பது 480 பக்கங்கள்தான் என்றும், உலக இலக்கியம் முதலானவை அனைத்தும் இதற்குள்தான் குடியிருக்க வேண்டும் என்றும் புரியவைத்தார். எழுத்துக்கும் அங்கே பஞ்சம். கோத்ததை அச்சடித்துப் பிரித்துக் கேஸில் போட்டால்தான் அடுத்ததைக் கோக்கலாம்; ஆகையால் நான்கு கட்டுரைகளை முன்கூட்டியே கோத்துக் கட்டிவைத்து நிம்மதியாக இருக்கும் சௌகரியமும் கிடையாது. லட்சியத்தைப் பக்கக் கணக்கில் பேசப் பழகியவனுக்கு வீண் வார்த்தை தானாகவே குறைந்துவிடும். இன்றும் யாராவது என்னிடம் வந்து தம் பத்திரிகையின் நோக்கங்களை விவரித்தால், என் மனம் என்னை அறியாமலே பாரக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் நான் கடைசிவரை போராடிய விஷயம். இரண்டு பாரத்துக்கு மட்டும் ஆண்டுத் திட்டம் போடு, நடுவில் வருகிற அரைப் பாரத்துக்குத் திட்டம் போடாதே என்றார். தொழில் அறிந்தவர்களுக்கு இதன் நயம் விளங்கும். நடுவில் பின் அடிக்கும் இதழில் உட்பாரம் கடைசியாக ஏறினால் போதும். எட்டுப் பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டி, ஒரு முகம் ஓட்டிவிட்டு, அதே பாரத்தில் தாளைத் திருப்பி மறுமுகமும் ஓட்டி, இரண்டாக வெட்டினால் ஒரு தாளில் இரண்டு பிரதிக்கு ஆயிற்று. இதர பாரங்கள் அச்சாகி உலர்ந்துகொண்டிருக்கும்போதுகூட அந்த எட்டுப் பக்கங்களில் என்ன வரப்போகிறது என்று தீர்மானிக்காமல் இருக்க முடியும். “பந்தியில் அழைக்காமல் வருகிறவனுக்கும் ஓர் இலை போட்டு வைக்கணும் தம்பி” என்பது அவர் வாக்கு.

சொல்வது எளிது. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி நெருங்கும்போது அந்த எட்டு வெற்றுப் பக்கங்கள் ஆசிரியனை எப்படி வதைக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். கையில் தயாராக ஒரு மொழிபெயர்ப்பு இருக்கும். வேண்டியவர் ஒருவரின் நீண்ட கட்டுரை மேஜைமேல் பார்த்துக்கொண்டே இருக்கும். விளம்பரம் தருகிற கடைக்காரரின் மைத்துனர் கவிதை எழுதுவார். இவற்றையெல்லாம் விலக்கிவிட்டுக் காத்திருப்பதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம், ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி மேஜையின் உள்ளறையில் வைக்கப்படும் மறுப்புப் பட்டியல். இவ்வாண்டு இன்னது போடுவதில்லை என்று நான் எழுதிவைத்தவை, இன்னது போடுவேன் என்று எழுதியவற்றைவிட எப்போதும் நீளமாகவே இருந்தன: உயிரோடு இருப்பவரைப் புகழ்ந்து கட்டுரை வேண்டாம், மூலத்தைத் தெரியாதவர் செய்த மொழிபெயர்ப்பு வேண்டாம், சர்ச்சைக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று மூன்றாம் மாதத்துக்கு இழுக்கும் வாதம் வேண்டாம். மறுப்பு உறுதியாக இல்லாவிட்டால் அரைப் பாரம் வேண்டியவர்களின் சொத்தாகிவிடும்.

அப்படிக் காலியாகக் கிடந்த ஓர் அரைப் பாரத்துக்குத்தான், பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிய ஒரு கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கீழே வந்து சேருகிற நாளில் அரசலாற்று மதகில் பலகை தூக்குவது எப்படி, இரவில் முறைத் தண்ணீருக்காகக் கடைமடைக்காரர்கள் கையில் லாந்தரோடு வந்து நிற்பது எப்படி, ஒரு பலகை கூடுதலாகத் தூக்கினால் எந்த ஊரில் யார் வயல் முழுகும் என்றெல்லாம், எழுத்தாளர் எவருக்கும் எட்டாத நிதானத்தோடு அவர் எழுதியிருந்தார். அவ்வாண்டு என் திட்டத்தில் சிறுகதை விமர்சனம் மட்டுமே இருந்தது. பன்னிரண்டு தலைப்புகளும் நிரம்பிய கட்டமாக அது இருந்திருக்குமானால் அந்த மனிதரை மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பியிருப்பேன். அந்த எட்டுப் பக்கங்களிலிருந்துதான் எங்கள் இதழின் அடுத்த சில ஆண்டுகளின் திசையே பிறந்தது: திருபுவனத்துப் பட்டுச் சாயம் போடுபவரும், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்ப்பவரும் தத்தம் தொழிலைத் தாமே எழுதினார்கள்.

இது என் சொந்த அனுபவம் மாத்திரமன்று. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது அவர் கண்ட லட்சியம் இலக்கிய விமர்சனம். அந்த விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்தவரும் அல்லர். ஆனால் அந்தப் பத்திரிகையின் பக்கங்களிலே ந. பிச்சமூர்த்தியைப் பின்தொடர்ந்து பசுவய்யா, சி. மணி, தி. சோ. வேணுகோபாலன், தருமு சிவராமு, வைதீஸ்வரன் என்று ஒரு புதிய கவிதைக் கூட்டமே வந்து நிற்க, 1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வெளிவந்தது. இன்று அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொன்னதும் புதுக்கவிதைதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 1933-இல் அரசியல் வார இதழாகப் பிறந்த ‘மணிக்கொடி’, 1935-இல் பி. எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையாக மாறிய பிறகே அதன் பெயர் இலக்கிய சரித்திரத்தில் நிலைத்தது. திசையை உறுதியாக வகுத்தவர்களும், வகுக்காத பக்கத்திலிருந்து வந்ததை வரவேற்றவர்களும் வேறு வேறு ஜாதி என்று கருதுவது அறியாமை. இரண்டும் ஒரே ஆசிரியனுக்குரிய இலட்சணங்கள்.

இப்போது நிலைமை வேறு. கம்பாசிடர் இல்லை, எழுத்துப் பஞ்சம் இல்லை, கணினியில் பக்கம் வேண்டிய மட்டும் நீளும். பாரக் கணக்குத் தெரியாத ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். பக்கத்துக்கு விலை இல்லாதபோது மறுப்புக்கும் மதிப்பு இல்லை. ஆண்டுத் திட்டம் என்றால் தலைப்புப் பட்டியல் என்றும், லட்சியம் என்றால் சந்தா எண்ணிக்கை என்றும் ஆகிவிட்டது. சந்தா என்பது ஆசிரியன் செய்த வேலைக்கு ஊர் கொடுக்கும் பதில். அதை அவனே முன்கூட்டி எழுதிக்கொள்வது நாகரிகமன்று. இதே கும்பகோணத்திலிருந்து 1948-இல் எம். வி. வெங்கட்ராம் ‘தேனீ’யை நடத்திக் கைப்பொருளை இழந்தார், அதை வைத்து அந்தப் பத்திரிகையின் தரத்தை அளக்க எவருக்கும் துணிவு வராது.

இதழின் திசை என்ற விஷயத்தில் சட்டத்துக்கும் சிரத்தை இருந்ததில்லை. நான் இதழ் நடத்திய காலமெல்லாம் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் நான்காம் படிவத்தை அச்சிட வேண்டும். அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், உரிமையாளர் யார் என்று அது கேட்கும். நானும் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதி அச்சகத்தாரைச் சிரிக்கவைப்பேன். எங்கே போகிறாய் என்று அந்தப் படிவம் ஓர் ஆண்டும் கேட்டதில்லை. அதை ஆசிரியன்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது.

ஆகவே இனி பத்திரிகை நடத்த முன்வரும் இளைஞர்களுக்கு நான் விட்டுச்செல்லக்கூடிய முறை இதுதான். புத்தாண்டுக்கு முன்னால் முதலில் காகிதக் கணக்கைப் போடுங்கள். காகிதமே இல்லாமல் நடத்துகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு பக்க எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தபடியாக மறுப்புப் பட்டியலை எழுதி, நெருங்கிய சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மீறினால் அவர் கேட்கட்டும். அதன் பிறகு, நீங்களே தேடிப் போய் எழுதவைக்க வேண்டிய மனிதர்களின் பெயர்களைக் குறியுங்கள். தலைப்பைக் குறிப்பதைக் காட்டிலும் அது பயன் தரும். ஐந்தில் ஒரு பங்குப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதை நிரப்பச் சொல்லி வருகிற எந்த நிர்ப்பந்தத்துக்கும் இருபதாம் தேதிவரை இணங்காதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் புதிய ஆசிரியரிடம் தை பிறப்பதற்குள் செலுத்திவிட வேண்டும். ஆண்டுக்கு வேண்டிய 30 ரீம் காகிதத்தையும் மொத்தமாக வாங்கினால்தான் விலை கட்டுப்படியாகும்.