பொருநைக் கரையில் ஒரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஸ்விட்ஸர்லாந்து என்கிறார்கள். நம் நாட்டிலேயே பிறந்து, நம் நாட்டிலேயே ஓடி, நம் நாட்டிலேயே கடலோடு கலக்கும் ஒரு நதி இருக்கிறது. அதன் கரையோடு ஒரு நாள் நடந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வி எழுந்ததும் எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. மாசி மாதத்தில் ஒரு நாள், இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து திருநெல்வேலிக்கு ரயிலேறினோம்.

பொதிகை மலையில் தோன்றிச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணிக்குப் பொருநை என்பது பழம்பெயர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு நீர் வார்க்கின்றன. அதனால்தான் கார், பிசானம் என்று இரு போகம் விளையும் பாக்கியம் இந்த ஜில்லாவுக்குக் கிடைத்தது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பஸ்ஸில் பாபநாசம் சேர்ந்தபோது சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தான். மலையை விட்டு நதி சமவெளியில் காலெடுத்து வைக்கும் இடம் இது. உலகம்மையும் பாபநாசநாதரும் கோயில் கொண்டிருக்கும் சந்நிதிக்கு எதிரே படித்துறை. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால், அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். மீன்கள் வந்து காலைக் கொத்துகின்றன. குழந்தைகளின் கூச்சலைக் கேட்க வேண்டுமே!

எங்களுடன் வந்த சிறுவன் ஒருவன் படிகளை விட்டு விலகிப் பாறைகளின் மேல் தாவத் தொடங்கினான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, "ஏலே, அங்கன போகாத! பாசிப் பாறை, வழுக்கி விட்டுரும்" என்று அதட்டினாள். பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். எங்களுக்கோ வேறொரு நினைவு வந்து நெஞ்சை அடைத்தது.

1925-ஆம் வருஷம் ஜூன் மாதம், இதே பாபநாசத்து அருவியில்தான் வ. வே. சு. ஐயர் உயிர் நீத்தார். நாட்டின் விடுதலைக்காக அந்நிய மண்ணில் அலைந்தவர். 1916-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியவர் அருவி பார்க்க வந்தார். நீரில் விழுந்துவிட்ட மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்தார்; இருவருமே திரும்பவில்லை. அப்படிப்பட்டவரைப் பொருநை கொண்டுபோய்விட்டது. எங்கள் பையனை ஒரு முறை இறுகத் தழுவிக்கொண்டோம்.

நீராடி முடிந்தது. எங்களில் ஒருவர், கட்டியிருந்த வேஷ்டியை ஆற்றோடு விட்டுவிட்டால் தோஷம் கழியும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதை அவிழ்த்துச் சுருட்டினார். நாங்களும் தடுக்கவில்லை. பலரும் செய்கிற காரியம்தானே என்றிருந்தோம். மறுபடியும் அதே ஆச்சிதான் நிமிர்ந்து பார்த்தாள். இம்முறை அதட்டவில்லை.

"ஐயா, ஒங்க பாவம் ஒங்களோட போயிரும். துணி எங்கய்யா போகும்? கீழ ஊர்ல இதத்தானே குடிக்காக" என்றாள்.

அவள் சுட்டிய இடத்தைப் பார்த்தோம். பாறை இடுக்குகளில் புடவைகளும் வேஷ்டிகளும் மக்கிக் கிடந்தன. நண்பர் ஒன்றும் பேசாமல் வேஷ்டியைப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து அம்பாசமுத்திரம் சுமார் பத்துக் கிலோமீட்டர். ஊர்ப் பாதையிலும் வரப்பிலுமாக மெல்ல நடந்தோம். பிசானம் முற்றி வயலெல்லாம் பொன்னிறம். முதுகுக்குப் பின்னால் நீல மலை. பக்கத்தில் சலசலக்கும் வாய்க்கால். இந்த நதியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னரே நம்மவர் கட்டியவை.

பாலம் கடந்து தென்கரையில் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியை அடைந்தால் கன்னடியன் கால்வாயின் கதையைச் சொல்வார்கள். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒரு பிரம்மசாரி, தமக்குக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு வாய்க்கால் வெட்ட முனைந்தாராம். எந்த வழியாக வெட்டுவது? ஒரு பசு நடந்த வழியே வெட்டினாராம். அது படுத்த இடத்தில் குளம் தோண்டினாராம். கதை எப்படியிருந்தாலும் கால்வாய் இன்றும் நீர் கொண்டு போகிறது. பெற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாத ஒருவரின் பெயரை, ஊர் பேர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

மாலையில் திருப்புடைமருதூர். கடனா நதி பொருநையோடு கூடும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் பழைய ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. வெளியே மருத மரங்களில் நாரையும் கொக்கும் வந்து அடைகின்றன. 2005-ஆம் வருஷத்தில் இவ்விடம் பறவைகளின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். விடியற்காலையில் நடையைத் தொடங்குங்கள். பாபநாசத்துக்கு மேலே உள்ள காடு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறையின் சாவடியில் அநுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். மழை நாளில் ஆற்றில் இறங்கவே கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இந்தச் சாதுவான நதி ஊர்களையே மூழ்கடித்தது. சோப்பும் ஷாம்பூவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரவு ரயிலில் நண்பரின் பையிலிருந்து நீர் கசிந்து எல்லோருடைய சாமான்களையும் நனைத்தது. யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஊர் வந்ததும் அந்த வேஷ்டியைத் துவைத்து உலர்த்தினார். இப்போதும் அதைத்தான் உடுத்தி வருகிறார்.