பானைத் துறையிற் கண்டவை

தென் அத்திலாந்திக் பெருங்கடலிலே, பனிமுடி தரித்த மலைகளோடு தனித்து நிற்கின்றது தென் ஜோர்ஜியா என்னுந் தீவு. 1775ஆம் ஆண்டில் கப்டன் குக் இதன் கரையில் இறங்கினார். மரமொன்றேனும் இல்லாத இந்நிலம் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. ஆயின், அங்கு வாழ்ந்த கடல்நாய்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்பே அவற்றுக்கு எமனாயிற்று. உரோமத்தோலை நாடி வேட்டைக்காரர் திரண்டு வந்தனர்.

போக்லண்டுத் தீவுகளின் ஸ்டான்லித் துறைமுகத்திற் கப்பலேறிய நாம், மூன்றாம் நாள் அத்தீவைக் கண்டோம். மூன்று மீற்றருக்கு மேல் அகன்ற சிறகை அசையாது விரித்தபடி அல்பட்ரோஸ் பறவையொன்று வழித்துணையாய் வந்தது. இறங்குமுன் காலணிகளைக் கழுவும்படி பணித்தனர். அயல்நாட்டு விதையொன்றும் அங்கே விழலாகாதாம்.

சென் அன்ட்ரூஸ் குடாவில் எங்கு நோக்கினும் அரசப் பெங்குவின்கள்! ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட சோடிகள் அங்கு வாழ்கின்றன. இவை கூடு கட்டுவதில்லை. இடும் முட்டையும் ஒன்றே. அதனைப் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோலின் மடிப்பாற் போர்த்து, தாயும் தந்தையும் முறைவைத்து ஏறத்தாழ 54 நாட்கள் அடைகாக்கின்றன. கடலிலிருந்து இரையோடு மீளும் பறவை, ஆயிரமாயிரம் குஞ்சுகளிடையே தன் குஞ்சைக் குரலாலேயே அறிந்து ஊட்டுகின்றது. அக்காட்சியைக் கண்டு நெடுநேரம் நின்றோம்.

பாறைகளென நாம் எண்ணியவை சில கொட்டாவி விட்டன! அவை கடல்யானைகள். மூன்று, நான்கு தொன் நிறையுள்ள கடுவன்கள், துதிக்கை போன்ற மூக்கைப் புடைத்து உறுமிப் பொருதன.

மறுநாள் கிறிட்விக்கனை அடைந்தோம். ‘பானைத் துறை’ என்பது அப்பெயரின் பொருள். கடல்நாய்க் கொழுப்பைக் காய்ச்சிய பழம் பானைகள் அங்கே கிடந்தமையால் வந்த பெயர். 1904இல் நோர்வே நாட்டவரான லார்சன் அங்கே திமிங்கில நிலையமொன்றை நிறுவினார். 1965 வரை இத்தீவின் நிலையங்களில் 175,000க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் வெட்டப்பட்டன. அவற்றின் எண்ணெய் சவர்க்காரமாயிற்று, மாஜரீனுமாயிற்று. ஈற்றில் கொல்வதற்குத் திமிங்கிலங்கள் அரிதாகவே, நிலையங்களும் மூடப்பட்டன.

இன்று துருவேறிய கொதிகலன்களின் நடுவே உரோமக் கடல்நாய்கள் உறங்குகின்றன. அற்றுப்போயின என்று கருதப்பட்ட அவ்வினம், வேட்டை ஓய்ந்தபின் பல்கிப் பெருகியது. 2020இல் நிகழ்ந்த ஆய்வுப் பயணமொன்றில் நீலத் திமிங்கிலங்கள் 58 தடவை தென்பட்டன. எனினும் இடர் முற்றாக நீங்கவில்லை. 2023இல் வந்த பறவைக் காய்ச்சல் கடல்யானைகள் பலவற்றை மாய்த்தது. நோயைத் தடுப்பது மனிதர்க்கு அரிது, கொல்லாதிருப்பதோ எளிது.

கப்பல் திரும்புகையில் தொலைவில் நீர்த்தாரை ஒன்று மேலெழுந்தது. தளத்தில் நின்றோர் அனைவரும் பேச்சொழிந்தனர். எவ்வகைத் திமிங்கிலமோ, அறியோம். அது மீண்டும் எழுமோவென இருள் சூழும்வரை பார்த்து நின்றோம்.