ஹாம்பர்க்கில் ஒரு அழுக்கு லாரி

ரெண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் அக்கா மகனுடைய பழைய கோட்டு, காதை மறைக்கும் குல்லா. இத்தனையும் மாட்டிக்கொண்டு சோளக்கொல்லை பொம்மை மாதிரி பௌம்வால் ஸ்டேஷனில் இறங்கினேன். அப்படியும் எல்ப நதிக் காற்று எங்கோ ஒரு சந்து கண்டுபிடித்து முதுகுத்தண்டில் ஏறிவிட்டது. ஹாம்பர்க்கில் ஜனவரி மாதம் காலை எட்டரைக்குத்தான் விடிகிறது. விடிகிறது என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வது. வானத்தின் சாம்பல் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

படிக்கட்டில் எதிரே வந்த பெரியவர் "மொய்ன்" என்றார். காலை வணக்கமாக்கும் என்று நானும் சொல்லி வைத்தேன். ராத்திரி எட்டு மணிக்கு ரொட்டிக் கடைப் பெண்ணும் அதையே சொன்னபோதுதான் புரிந்தது, இந்த ஊரில் எந்நேரத்துக்கும் ஒரே வணக்கம். நல்ல சிக்கனம்.

கால்வாயின் இரண்டு கரையிலும் செங்கல் கிடங்குகள், கோபுரமும் கூரையுமாக. ஸ்பைகர்ஷ்டாட் என்று பெயர். 1880களில் கட்டத் தொடங்கி, மண்ணில் அடித்து இறக்கிய மரக்கால்களின் மேல் நிற்க வைத்திருக்கிறார்கள். 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. காப்பி, தேயிலை, கம்பளம், மிளகு எல்லாம் ஒரு காலத்தில் இங்கேதான் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்ததாம். மிளகா? மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஈரச் செங்கல் வாசமும் பக்கத்துக் கடையின் மீன் வாசமும்தான் வந்தன. அந்தக் கடையில் வினிகரில் ஊறிய மீனை அப்படியே ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். குழம்பில் நீந்தாத மீனைப் பார்த்து என் வயிறு தயங்கியது.

நானும் அக்கா மகனும் போனது அந்தக் கிடங்குகளில் ஒன்றுக்குள். மினியாட்டூர் வுண்டர்லாண்ட். ஃப்ரெடரிக் பிரௌன், கெரிட் பிரௌன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001இல் திறந்த பொம்மை ரயில் உலகம். பொம்மை என்றால் கோபித்துக்கொள்வார்கள், மாதிரி ரயில் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அஞ்சே முக்கால் அடி ஆள் இங்கே ரெண்டு சென்டிமீட்டர். நம்மூர் ஆட்டோ வந்தால் மூன்று சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

திடீரென்று ஹாலில் விளக்கு மங்கியது. கரண்ட் போய்விட்டது என்று என் கை தானாகச் செல்போன் டார்ச்சைத் தேடியது. "சித்தி, ராத்திரி ஆகுது" என்றான் அக்கா மகன். கால் மணி நேரத்துக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி! குட்டி வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. க்னூஃபிங்கன் என்ற கற்பனை ஊரில் எங்கோ தீப்பிடித்து, தீயணைப்பு வண்டிகள் நீல விளக்கோடு வரிசையாகப் பாய்ந்தன. ரயில் தண்டவாளத்தில் ஓடுவது சரி, இந்த வண்டிகள் எதில் ஓடுகின்றன? சாலைக்கு அடியில் இரும்புக் கம்பி, வண்டியின் முன்சக்கரத்தருகே காந்தம். கம்பி வளைகிற பக்கம் வண்டியும் வளைகிறது. பேட்டரி தீர்ந்தால் தானே போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. என் செல்போனுக்கு இந்தப் புத்தி இல்லை.

ஆனால் என்னை நிற்க வைத்தது அதெல்லாம் இல்லை, ஒரு லாரி. கட்டை விரல் நீளம்தான் இருக்கும். சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறித்திருந்தது. முன்கண்ணாடி முழுக்கப் புழுதி, வைப்பர் துடைத்த அரைவட்டம் மட்டும் பளிச்சென்று. இந்த அழுக்கை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்!

என் வாய் மூடாததைப் பார்த்துவிட்டு, தன் ஆபீஸ் நண்பரின் மாமனார் இருக்கும் மாதிரி ரயில் கிளப்புக்கு மத்தியானமே கூட்டிப் போனான் அக்கா மகன். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறை. பெயின்ட், தின்னர், காப்பி, பிளம்ஸ் கேக் எல்லாம் கலந்த வாசம். ஆறு பெரியவர்கள். அரை மணிக்கொரு தரம் ஒருவர் எழுந்து ஜன்னலை அகலத் திறந்து வைக்கிறார். வெளியே மைனஸ் ரெண்டு டிகிரி! பெயின்ட் வாசம் போகத்தான் என்று நினைத்தேன். வீட்டிலும் இப்படித்தானாம், காற்று மாறாவிட்டால் இவர்களுக்கு உயிரே போய்விடும். எனக்கு அது மாறும்போதுதான் போனது.

நடுவே அவர்களுடைய ஊர், 1960களின் ஒரு சிறு ஸ்டேஷன். நமக்கு நாலு யுகம் என்றால் இந்த ரயில் பிரியர்களுக்கு ஆறு. 1960கள் மூன்றாவது யுகம், நீராவியும் டீசலும் சேர்ந்து ஓடிய காலம். அதனால் சரக்கு முற்றத்துக்கு ஒரு கரி வியாபாரியின் லாரி வேண்டும். அதை என்னிடம் தந்துவிட்டார்கள்.

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் முருங்கைக்காய் மாதிரி தொங்கின. வெட்டி, அரத்தால் தேய்த்து ஒட்ட வேண்டும். பசை என்பது பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து இரண்டை ஒன்றாக்கும் திரவம். மூன்றாவது வெட்டில் ஹெட்லைட் துள்ளி எங்கோ பறந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆறு பெரியவர்களும் டார்ச்சோடு மண்டியிட்டுத் தரையைத் துழாவினார்கள். கடைசியில் அது என் ஸ்வெட்டர் கம்பளியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

லாரி கரும்பச்சையில் மினுங்கி நின்றது. எலுமிச்சம்பழம் நசுக்கிப் பொட்டு வைக்கலாம் போல. பெரியவர்களில் ஒரு தாடிக்காரர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இப்போ கெடுப்போம்" என்றார். ஆயுத பூஜைக்குச் சைக்கிளின் ஆரக்கால் வரை துடைத்து வளர்ந்தவள் நான்!

முதலில் மினுமினுப்பை அடக்கும் வார்னிஷ். பிறகு ரசம் மாதிரி நீர்க்கக் கரைத்த பழுப்பு. அது தானாகக் கதவு இடுக்கிலும் மூலையிலும் போய்த் தங்குகிறது. மீதியைப் பஞ்சுக் குச்சியால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், மழை அப்படித்தானே வழியும். டயருக்குக் கறுப்பைத் தொடவே கூடாது. இத்தனை சின்னதைப் பார்ப்பது தூரத்தில் நிற்பதைப் பார்ப்பது மாதிரி, தூரத்துக் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். கடைசியில் சாக்பீஸ் பொடி, விபூதி பூசுகிற பதத்தில்.

ஸ்பாஞ்சுத் துண்டால் துருவை வைக்கச் சொன்னபோது எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒத்தினேன், ஒத்தினேன், ஒத்திக்கொண்டே இருந்தேன். "இந்த லாரி எத்தனை வருஷம் கடலுக்கடியில் கிடந்தது?" என்று கேட்டார் தாடிக்காரர். எல்லாவற்றையும் துடைக்க வைத்துவிட்டுக் கேள்வியாகக் கேட்டார். மூட்டையை எந்தப் பக்கம் இறக்குவார்கள்? டிரைவர் எங்கே கால் வைத்து ஏறுவார்? கரிக் கையோடு எதைப் பிடிப்பார்?

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய காக்கிப் பேன்ட்டில் கிரீஸ் எல்லா இடத்திலும் இருக்காது. வலது தொடையில், கை துடைக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. அம்மா 501 சோப்பைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் மட்டும் வெளுக்காது. கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஒரே ஒரு கரும்பொட்டை விரலால் இழுத்தேன். ஏறும் படியில் பச்சையைச் சுரண்டி, செருப்பு தேய்த்த இரும்பு மாதிரி வெள்ளிப் பெயின்ட் வைத்தேன்.

தாடிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். லாரி கை மாறிக் கை மாறி ஆறு பேரையும் சுற்றி வந்தது. ஒருவர் ஏதோ முனகினார். "குறை சொல்ல முடியாதுன்னு சொல்றார்" என்றான் அக்கா மகன். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஐயோ சித்தி, இந்த ஊர்ல இதுக்கு மேல பாராட்டே கிடையாது!"

வெளியே வந்தபோது ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. சிக்னலில் ஒரு நிஜ லாரி நின்றது. பனிக்காக ரோட்டில் தூவும் உப்பு சக்கரத்துக்குப் பின்னால் வெள்ளையாகக் காய்ந்து, மேலே போகப் போக மங்கியிருந்தது. ஆஹா, இதற்கு எந்தப் பொடி? செல்போனை நீட்டிக் கிட்டே போய்ப் படம் எடுத்தேன். டிரைவர் கண்ணாடியை இறக்கி, என்ன தப்பு கண்டுபிடித்துவிட்டாள் என்கிற முகத்தோடு அதட்டினார். அக்கா மகன் ஓடி வந்து என்னவோ விளக்கினான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டை விரலால் பின்பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றார்?"

"அந்தப் பக்கம் இன்னும் மோசமா இருக்காம், சித்தி. பச்சை விழறதுக்குள்ள போய் எடுத்துக்கணுமாம்."