ஓடப் பிறந்ததை நிற்கப் பழக்குவது

நாய் வளர்க்கிறேன் என்று வகுப்பில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "லேபா, பொமரேனியனா?" என்பதுதான். சிப்பிப்பாறை என்றால் பாதிப் பேர் ஏதோ சுற்றுலாத் தலம் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அதுக்குச் சோறே போட மாட்டீங்களா?" என்கிறார்கள். அந்த இரண்டு கோஷ்டிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் ஒரு ஊர். அந்தப் பெயரில் ஒரு வேட்டை நாய் இனம். ஆழமான நெஞ்சு, முதுகோடு ஒட்டிய வயிறு, நீண்ட கால், சாட்டை மாதிரி வால். விலா எலும்பு லேசாகத் தெரியத்தான் செய்யும். அது பட்டினி இல்லை, ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. மோப்பம் பிடித்துப் போவதைவிடக் கண்ணால் பார்த்துத் துரத்துவதுதான் இதன் வேலை. இதே உடல்வாகில் கறுப்பு நிறமும் கண்ணுக்கு மேல் செம்பொட்டும் இருந்தால் கன்னி. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, கொஞ்சம் கனத்த உடம்பு என்றால் ராஜபாளையம்.

சாத்தூர் பக்கம் எங்கள் வீட்டில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சிப்பிப்பாறை இருக்கிறது. கம்பங்கூழும் மோரும் குடித்து, கரிசல் காட்டில் திரிந்து வளர்ந்த நாய்கள். எந்த நாயோடு எதைச் சேர்ப்பது என்பதற்குத் தாத்தாவின் அப்பா காலத்தில் ஒரே ஒரு பரீட்சைதான். காட்டில் அவிழ்த்து விடுவது. முயலை விடாமல் துரத்துகிறதா, மூச்சு தாங்குகிறதா, கூப்பிட்டால் திரும்பி வருகிறதா? அதில் தேறிய நாய்க்குத்தான் குட்டி.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றம். சரியான சட்டம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இன்னமும் ராத்திரியில் டார்ச்சோடு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் நாய் விஷயத்தில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பரீட்சையை எடுத்துவிட்டார்கள், நாய் மட்டும் பிறந்துகொண்டே இருக்கிறது. இனி தாயையும் தகப்பனையும் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அதற்குப் பதில் தேடித்தான் நாய்க் கண்காட்சிக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு. எங்கள் செவத்தி (வெளிர் செவலை, அதனால் அந்தப் பெயர்) தாத்தா சொல்லும் வம்சாவளியில் ஏழு தலைமுறைப் பெருமை உடையவள். காகிதத்தில் ஒரு தலைமுறைகூடக் கிடையாது. நல்லவேளை, வம்சம் தெரியாத நாட்டு நாயை நேரில் பார்த்துப் பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு மைக்ரோசிப் போட்டார்கள். பதினைந்து இலக்க எண். "ஆதார் கார்டு வாங்கியாச்சா?" என்றார் தாத்தா.

பிறகுதான் உண்மையான வேலை. ரிங்கில் நாய் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, அசையாமல் நிற்பது. இதை ஸ்டாக் என்கிறார்கள். முன்னங்கால் நேராக, பின்னங்கால் சற்றுப் பின்தள்ளி, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டு, நாம் கூடவே ஓட, ஒரே சீரான நடையில் முக்கோணமாகவும், நேராகப் போய்த் திரும்பியும் காட்டுவது. தாவி ஓடக்கூடாது. நான்கு கால் பாய்ச்சலுக்கென்றே பிறந்த பிராணியிடம் போய் "நட" என்று சொல்வது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதைவிடக் கஷ்டம், நடுவர் தொடுவது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்ப்பார், தோளைத் தடவுவார், முதுகை அழுத்துவார். சிப்பிப்பாறை ஒருத்தருக்கு அடங்குகிற நாய். அந்நியரை நம்பாமல் இருப்பதுதான் அதன் உத்தியோகமே. நான்கு மாதம் பழக்கினேன். தினமும் ஒரு புது ஆள். டீக்கடை மாமா, பால்காரர், கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவர், ஹாஸ்டலிலிருந்து பொங்கலுக்கு வந்த நண்பர்கள், ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவர் கையிலும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுத்து, "மெதுவா உதட்டைத் தூக்குங்க, பல்லைப் பாருங்க, ஈரலைக் குடுங்க" என்பேன். பால்காரர் மட்டும் கடைசி வரை மாட்டேன் என்றுவிட்டார். அவர் கவலை அவருக்கு.

மதுரையில் நடந்த கண்காட்சியில் செவத்தி நின்றாள். பல்லைக் காட்டினாள். உறுமவில்லை. அவள் வகுப்பில் மூன்றாம் இடம். மொத்தம் மூன்று நாய்கள் :-)

ஆனால் நடுவர் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. தோள் எலும்பு போதுமான சாய்வில் இல்லை, நேராக நிற்கிறது, அதனால் முன்னங்கால் எட்டிப் போட முடியவில்லை என்றார். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். "அதத்தான நா குட்டியிலயே சொன்னேன், முன்னுக்கு வீச்சு பத்தாதுன்னு" என்றார். தாத்தா ரிங்கைப் பார்த்ததில்லை, நடுவர் கரிசலைப் பார்த்ததில்லை. இருவரும் ஒரே எலும்பைத்தான் பேசுகிறார்கள். கண்காட்சி என்றாலே வெறும் பவுடர், சீப்பு சமாச்சாரம் என்று சொல்கிறவர்களிடம் அன்றிலிருந்து நான் சண்டைக்குப் போகிறேன்.

அதே சமயம் ரிங்கின் கண்ணுக்குப் படாததும் நிறைய இருக்கிறது. ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. அந்த வெள்ளை நிறம்தான் அதற்கு அழகு, அந்த வெள்ளைதான் ஆபத்தும். நாயின் நிறமிச் செல்களுக்கு உள்காதிலும் வேலை இருக்கிறது. அவை அங்கே இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே குட்டி செவிடாகிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத நாய் ரிங்கில் ஜம்மென்று நிற்கும், கோப்பையும் வாங்கும். அதன் வழியில் குறை அடுத்த தலைமுறைக்கும் போகும். மூச்சு, தைரியம், திறந்த வெளியில் புத்தி வேலை செய்வது, இதையெல்லாம் முக்கோணமாக ஓடவிட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

செவத்திக்கு ஜோடி பார்க்கும்போது இதெல்லாம் சேர்ந்து தலையில் விழுந்தது. இரண்டு ஆண் நாய்கள். ஒன்று பல கண்காட்சிகளில் ரிப்பன் வாங்கியது. கழுத்தழகு என்ன, தோள் என்ன! இன்னொன்று ஆட்டுக்கிடை போடும் ஒருவருடையது. ராத்திரி முழுக்கக் கிடையைச் சுற்றி வரும். காது கிழிந்திருந்தது, ஒரு பல் இல்லை. நான் ரிப்பன் நாய்க்கு ஆசைப்படுவேன், தாத்தா கிடை நாயைச் சொல்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தலைகீழாக நடந்தது. "அந்தத் தோளப் பாருடா, செவத்திக்கு இல்லாதது அதுகிட்ட இருக்கு. கிழிஞ்ச காது குட்டிக்கு வருமா என்ன?" என்று தாத்தாதான் ரிப்பன் நாயின் பக்கம் நின்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது கூண்டில் வளர்ந்த நாய். வாசலில் பைக் நின்றாலே உடம்பு நடுங்கியது.

பழைய சைக்கிள் ரிம் ஒன்றை முளையில் மாட்டி, நைலான் கயிறு சுற்றி, கயிற்று நுனியில் வெள்ளை பாலிதீன் பையைக் கட்டினேன். ரிம்மைச் சுற்றினால் பை காட்டில் துள்ளித் துள்ளி ஓடும். வெளிநாடுகளில் இதற்கென்று மோட்டார் வைத்து லூர் கோர்சிங் என்று போட்டியே நடத்துகிறார்கள். நம்முடையது கை மோட்டார். ரிப்பன் நாய் முதல் சுற்று பிரமாதமாக ஓடியது. இரண்டாவதில் பாதி வழியில் நின்று முதலாளியைத் தேடியது. கிடை நாய் நான்கு சுற்று ஓடியது. ஐந்தாவதில் பைக்குப் பின்னால் போகாமல், குறுக்கே வெட்டிப் போய் வளைவில் காத்திருந்து பிடித்தது. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அறுபத்து மூன்றாம் நாள் ஆறு குட்டிகள். நான்காவது வாரம் ஒவ்வொன்றையும் தனியே விட்டு, அது பார்க்காதபோது பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். ஆறும் திரும்பின. ஒற்றைக் காது கேட்காததை இது காட்டாது. அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் தனிச் சோதனை வேண்டும். ஆனாலும் ஒன்றும் பார்க்காததற்கு இது மேல். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அதற்குள்ளேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பெயர்களைச் சொன்னபோதே எங்கள் பக்கம் போன் அடிக்க ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. ஒருவர் "முயல் புடிக்குமா?" என்று கேட்டார், இல்லை என்று அனுப்பிவிட்டேன். இன்னொருவர் எட்டாவது மாடி ஃபிளாட். நல்ல மனிதர், நல்ல விலையும் சொன்னார். தினம் எங்கே ஓட விடுவீர்கள் என்று கேட்டேன், மொட்டை மாடியில் என்றார். அதற்கும் மனசு வரவில்லை. காசு விஷயத்தில் அப்பாவுக்கு என் மேல் கோபம் இருக்கிறது, தெரியும்.

இரண்டு குட்டிகள் கிடைக்கே போயின. மூன்று, தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு. ஒரு பெட்டையை நாங்களே வைத்துக்கொண்டோம். அம்மாவைவிடத் தோள் சாய்வு கொஞ்சம் தேவலை என்கிறார் தாத்தா. அடுத்த கண்காட்சியில் அது பப்பி வகுப்பில் இறங்கப் போகிறது. பல்லைத் தொட இன்னும் யாரையும் விடவில்லை. பால்காரரிடம் மறுபடி பேசிக்கொண்டிருக்கிறேன்.