பட்டுப்பூச்சி முட்டை: சில குறிப்புகள்

காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்குப் புழுவோடு பழக்கம் குறைவு. கச்சாப் பட்டில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து வருகிறது. தருமபுரி, ஓசூர்ப் பக்கத்துப் பட்டும் உண்டு. முறுக்கேறி, சாயம் தோய்ந்து, பாவாகித் தறிக்குப் போவதைத்தான் அவ்வூர்ப் பிள்ளையார்பாளையத்தில் பார்க்கலாம். எனக்கு அதற்கு முந்தைய கதையில்தான் ஆசை.

*

முட்டை அட்டையைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். கடுகளவுதான். இட்டவுடன் எல்லாமே வெளிர்மஞ்சள். சில இனங்களில் அந்த மஞ்சள் மாறாமல் பத்து நாள் வாக்கில் பொரித்துவிடும். வேறு சிலவற்றில் இரண்டு மூன்று நாளிலேயே பழுப்பேறிச் சாம்பல் நிறமாகிவிடும். நிறம் மாறினால் உறங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே கரு வளர்ச்சியை நிறுத்தி, மூச்சையும் குறைத்துக்கொள்கிறது. சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜனை சார்பிட்டாலாகவும் கிளிசராலாகவும் மாற்றிவைக்கிறது. ஜப்பானியரான சினோ 1957-இல் வெளியிட்ட செய்தி இது. குளிர்காலத்தைத் தாண்டி விழிக்கும்போது அதையே திரும்பக் கிளைக்கோஜனாக்கிக்கொள்ளும்.

உறங்கலாமா கூடாதா என்று முட்டை முடிவுசெய்வதில்லை, அம்மாதான் முடிவுசெய்கிறாள். அவள் தலையிலுள்ள ஒரு நரம்புமுடிச்சிலிருந்து சுரக்கும் ஹார்மோன் முட்டைக்குள் போனால் உறக்கம். 1951-இல் ஹசேகாவாவும் ஃபுகுடாவும் தனித்தனியே இதைக் கண்டார்கள். ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் பைவோல்டின் இனத்தில் இன்னும் வேடிக்கை: அந்த அம்மா தானே முட்டையாக இருந்தபோது பட்ட வெப்பம்தான் கணக்கு. 25 டிகிரியில், வெளிச்சத்தில் இருந்திருந்தால் அவள் பிள்ளைகள் உறங்கும். 15 டிகிரி இருட்டில் இருந்திருந்தால் உறங்காது. வாயில் தண்ணீர்கூடப் படாமல் சாகப்போகும் பூச்சிக்குத் தான் முட்டையாயிருந்த காலத்துப் பருவநிலை ஞாபகமிருக்கிறது!

*

நம் ஊரில் பனிக்காலம் ஏது? அதனால் உறங்கும் முட்டையைக் குளிர்பதன அறையில் 5 டிகிரி அளவில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அவசரமென்றால் அமிலக் குளியல்: இட்டு ஒரு நாள் ஆவதற்குள் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம். கேட்கவே பதறுகிறது, முட்டையோ உறக்கத்தை மறந்து பொரிக்கிறது.

*

மைசூரின் நாட்டுப்புழு உறங்குவதே இல்லை. வருஷம் முழுக்க இலை கிடைக்கும் ஊரில் உறங்கி என்ன ஆகப்போகிறது? ஆனால் கூடு சின்னது, நூல் குட்டை. பைவோல்டின் வெண்கூட்டில் ஒரே இழை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். அதனால் நாட்டுப்பெண்ணுக்கு பைவோல்டின் மாப்பிள்ளை பார்த்தார்கள். அம்மா நாட்டினம் என்பதால் கலப்பு முட்டை உறங்காது, அமிலமும் வேண்டாம். மாற்றிக் கட்டிவைத்தால் முட்டை உறங்கிவிடும். வளர்ப்பவர் வீட்டு வரவுசெலவே இந்தச் சம்பந்தத்தில் நின்றது என்றால் மிகையில்லை. இப்போது இரு பக்கமும் பைவோல்டினான முட்டையும் தருகிறார்கள், அதற்குத் திரும்பவும் அமிலம்.

*

இன்னொரு வகை உறக்கமும் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரி மாதிரி ஏரிகள் கோடையில் வற்றும்போது நத்தை சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு, உடல்வேகத்தைத் தணித்து மாதக்கணக்கில் கிடக்கும். அதற்கு யாரும் நேரம் குறித்துக் கொடுப்பதில்லை. தண்ணீர் போனால் உள்ளே, வந்தால் வெளியே. பட்டுப்பூச்சியின் முன்யோசனை அதற்கு இல்லை. மழை தப்பும் ஊருக்கு நத்தையின் வழிதான் சரி என்று எனக்குப் படுகிறது.