செம்பாறைப் பள்ளத்தாக்கில்

சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள யுன்தாய் மலைப் பூங்காவுக்குச் செல்வோர் முதலில் விசாரிப்பது 314 மீற்றர் உயரமான அதன் நீர்வீழ்ச்சியைத்தான். மழைக்காலத்தில் பொங்கி விழும். வறண்ட மாதங்களில் நூலாக மெலிந்துவிடும். 2024 யூனில் மேலே ஏறிய ஒருவர், அங்கு நீர்க்குழாய் ஒன்றைக் கண்டு படம்பிடித்து வெளியிட்டார். தூரத்திலிருந்து வருவோர் ஏமாறக்கூடாதென்று வறண்ட காலத்தில் சிறிது நீர் சேர்த்ததாகப் பூங்கா நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நான் சென்றது அதற்குப் பின்னர். நூலாக விழுந்தாலும் எனக்குப் போதும். மலைக்கு ஏன் அலங்காரம்?

என்னை நிறுத்தி வைத்தது செம்பாறைப் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான பாறை, அதைக் குடைந்து அமைத்த ஒடுக்கமான பாதை, கீழே பச்சை நீர். சில இடங்களில் குனிந்துதான் நடக்கவேண்டும். வெயில் அதிகம் எட்டாததால் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இரும்பு கலந்து சிவந்த அந்த மணற்கல் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. அது கடலோர மணலாகக் கிடந்தபோது அலை வரைந்த நெளிவுகள் இன்னும் பாறையில் இருக்கின்றன. சகோதரிகளே, நமது கடற்கரைகளில் வற்றுநேரத்தில் ஈரமணலில் காண்போமே, அதே நெளிவுதான்!

முன்னால் சென்ற வயோதிபப் பெண்ணொருவர் கைப்பிடியை விட்டுவிட்டு அதை விரல்களால் தடவினார். பிறகு சிரித்தபடி ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நானும் தடவிப் பார்த்தேன்.